சொட்டாத வளையம்

"பூவரசங் கொம்பை ஊறப் போடுறதா இருந்தா மக்கா, நல்ல தண்ணியில போட்டா..." என்று தொம்மை மாமா ஆரம்பிப்பார், நல்ல தண்ணீரில் போட்டால் என்னவோ ஆகும், உப்புத் தண்ணீரில் போட்டால் வேறு என்னவோ ஆகும், அதெல்லாம் முடிந்து கடைசியில் "ரெண்டு தண்ணியும் சேருற இடத்துல மட்டும்..." என்று ஆள்காட்டி விரலைத் தூக்குவார், விரல் தூக்கினபடி நிற்பதுவரை நேவிஸுக்குத் தெளிவாக ஞாபகம் இருந்தது, அதில் ஒட்டியிருந்த சுண்ணாம்புகூட ஞாபகம் இருந்தது, ஆனால் விரலுக்கு அப்புறம் மாமா சொன்னது போடு என்பதா போட்டுராதே என்பதா என்பதுதான் முப்பத்தைந்து வருஷத்தில் எங்கேயோ நழுவிப் போயிருந்தது.

மாமாவிடமே கேட்கலாம் என்றால் அவர் கல்லறைக்குப் போய்ப் பதினாறு வருஷம். அக்கா ரொசாரியிடம் கேட்டான்.

"எனக்கு அவரு வெத்தலை துப்புனதுதான் ஞாபகம் இருக்கு. நான்தான கழுவுனேன்," என்றாள் அவள்.

நேவிஸ் இரண்டு மொழியில் படித்தவன். ஏழாம் வகுப்புவரை கொல்லத்தில் மலையாளம், அப்புறம் சொந்த ஊரான நல்லதண்ணித்துறையில் தமிழ், அதற்கப்புறம் மறுபடியும் கொல்லத்தில் ஓர் அச்சகத்தில் இருபத்து நாலு வருஷம் இரண்டு மொழிக்கும் பிழை திருத்தும் வேலை. அதனால் எதைப் பார்த்தாலும் அவனுக்கு இரண்டு சொல் தோன்றும், இரண்டில் எது என்று நின்று யோசிப்பான், யோசித்து முடிப்பதற்குள் பஸ் போயிருக்கும், டீ ஆறியிருக்கும், பெண் பார்த்துவிட்டு வந்த வீட்டில் வேறு மாப்பிள்ளைக்குச் சாப்பாடு போட்டு முடித்திருப்பார்கள், இப்படியே நாற்பத்தெட்டு வயசு வந்துவிட்டது, அச்சகத்தை மூடிவிட்டார்கள், அவனும் ஒரு பெட்டியோடும் இரண்டு அகராதியோடும் ஊர் வந்து சேர்ந்து எட்டு மாசம் ஆகியிருந்தது. அப்படிப்பட்டவன் நல்ல தண்ணியா உப்புத் தண்ணியா என்ற கேள்விக்கு என்ன செய்வானோ அதைத்தான் செய்தான். ஆறு கடலில் விழுகிற முகத்துவாரத்தில், இடது கால் இனிக்கிற தண்ணீரிலும் வலது கால் கரிக்கிற தண்ணீரிலும் இருக்கும்படி நின்றுகொண்டு, பூவரசங் கொம்பை நட்ட நடுவே அமுக்கி, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு வந்தான்.

கொம்பு எதற்கு என்றால், கன்சீலியாவுக்கு.

கன்சீலியாவுக்கு நாற்பத்து நாலு வயசு. புருஷன் போய் ஒன்பது வருஷம். கடற்கரையில் ஓலை வேய்ந்த வலைக்கொட்டகையில் நடுத்தூணுக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, வலது காலின் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துக்கொண்டு, காலையிலிருந்து மத்தியானம்வரை ஊரின் கிழிந்த வலைகளை எல்லாம் கோர்ப்பவள், கோர்க்கும்போதே ஊரின் ஒழுங்கான மனிதர்களை எல்லாம் வாயால் கிழிப்பவள். நேவிஸ் ஊருக்கு வந்த இரண்டாம் நாள் பொழுதுபோகாமல் அந்தக் கொட்டகைக்குப் போனான், மூன்றாம் நாளும் போனான், நாலாம் நாள் அவள் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்:

"என்ன கொல்லத்துக்காரரே, இன்னைக்கு எந்தப் பக்கம் உக்காரப் போறீரு? வெயில்லயா, நெழல்லயா?"

"நடுவுல எடம் இருந்தா..."

"நடுவுல தூண் இருக்கு."

கொட்டகையே சிரித்தது. நேவிஸும் சிரித்தான். சிரித்துக்கொண்டே "நீங்க என்ன சொல்றீங்களோ அங்க உக்காருதேன்" என்றான். "நீங்களாம்ல, நீங்க!" என்று அவள் பக்கத்திலிருந்தவளிடம் கண்ணைக் காட்டினாள், ஆனால் தன் கிழக்குப் பக்கம் கிடந்த மிதவைக் கட்டைகளைக் காலால் தள்ளி இடம் செய்து கொடுத்தாள். எட்டு மாசமாக அவன் அங்கேதான் உட்கார்ந்தான்.

நல்லதண்ணித்துறையில் ஒரு வழக்கம் உண்டு. இளவட்டங்களுக்குக் கல்யாணம் பேச அப்பன் ஆத்தா இருக்கிறார்கள், மாமன் இருக்கிறான். வயசு தாண்டியவனுக்கும் ஒருமுறை தாலி கட்டி இழந்தவளுக்கும் யார் வந்து பேசுவார்கள்? அதனால் அந்த ஆண் ஒரு கோருவலைக்கு வளையம் செய்வான். தூண்டிலில் மாட்டிய மீன் படகோரம்வரை வந்து துள்ளிப் போய்விடாமல், கடைசி நேரத்தில் அடியில் கொடுத்து அள்ளித் தூக்குகிற கைப்பிடி வைத்த சின்ன வலைதான் கோருவலை. அதன் மரவளையத்தை மட்டும், வலை இல்லாமல் வெறுமையாக, சொந்தக் கையால் செய்து, உடன்பிறந்தவள் கையில் கொடுத்து அந்தப் பெண்ணிடம் அனுப்புவான். ஒருத்திக்கு ஒன்றுதான், ரெண்டாவது செய்யக் கூடாது. அனுப்பின நாளிலிருந்து நாற்பது நாளைக்குள் அவள் அதில் வலையைக் கட்டி எடுத்து வந்தால் சம்மதம். கட்டாமலே நாற்பது நாள் போய்விட்டால் இல்லை. இந்த நாற்பது நாளும் அவர்கள் வளையத்தைப் பற்றித் தவிர உலகத்தில் எதைப் பற்றியும் பேசிக்கொள்ளலாம்.

ஆகவே ஒன்பது நாள் ஊறிய கொம்பை நேவிஸ் எடுத்து வந்தான். கவட்டை போட்ட கொம்பு அது. அடித்தண்டு கைப்பிடிக்கு, பிரிகிற இரண்டு கிளையும் வளையத்துக்கு. பட்டையை உரித்தான், தென்னமட்டைப் புகையில் காட்டிக் காட்டி, இரண்டு கிளையையும் வலது கையில் ஒன்று இடது கையில் ஒன்றாக, அவசரப்படுகிற குழந்தையின் இரண்டு கையைப் பிடித்துக்கொள்வதுபோல் பிடித்து, மெதுவாக, மெதுவாக, அக்காவின் பெரிய அலுமினியச் சட்டியின் வயிற்றைச் சுற்றி வளைத்துக் கட்டினான். இதற்கு முன் இரண்டு கொம்பை அவன் ஒடித்திருந்தான். ஒடிந்த சத்தம் கேட்ட இரண்டு தடவையும் ரொசாரி அடுப்படியிலிருந்து, "ஏல, கொம்புக்கே இந்தக் கதின்னா கட்டிக்கிடப் போறவ கதி என்னல?" என்று கேட்டிருந்தாள். இது ஒடியவில்லை. கிளைகளின் நுனியைச் சாய்வாகச் சீவி, ஒன்றின்மேல் ஒன்று படுக்க வைத்து, மெழுகு தேய்த்த நூலால் நெருக்கிச் சுற்றினான், உடைந்த பாட்டில் சில்லால் சுரண்டிச் சுரண்டி உள்விளிம்பை வழவழப்பாக்கினான், புன்னை எண்ணெய் தேய்த்துத் தேய்த்துத் துணி கறுத்துப் போகும்வரை துடைத்தான். ஒரு சனிக்கிழமை காலை அது முடிந்தது. சுமாரான வட்டம். ஒரு பக்கம் கொஞ்சம் சிந்தனையில் ஆழ்ந்ததுபோல் சாய்ந்திருந்தது.

சுரண்டிய தூசியைக் கழுவலாம் என்று முகத்துவாரத்துக்கு எடுத்துப் போனான். முக்கினான், தூக்கினான். தண்ணீரும் கூடவே வந்தது.

வளையத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை, தோசைக்கல் அகலத்துக்கு, இரண்டு விரல் கனத்துக்கு, ஒரு தட்டுத் தண்ணீர் நின்றது. சொட்டவில்லை. சாய்த்தான், சொட்டவில்லை. தலைகீழாகப் பிடித்தான், சொட்டவில்லை. உள்ளே ஒரு மடவை மீன் குஞ்சு வட்டமாகச் சுற்றி, மரத்தில் மூக்கு இடித்ததும் திரும்பி, மறுபடி சுற்றியது. நேவிஸுக்கு வழக்கம்போல் இரண்டு சொல் தோன்றியது, இரண்டுமே பொருந்தவில்லை. அப்படியே வீட்டுக்கு எடுத்து வந்தான்.

ரொசாரி வாசலில் துடைப்பத்தோடு நின்றாள். "இப்பத்தாம்ல முத்தம் தூத்தேன். சொட்டுமா?"

"சொட்டாது அக்கா."

"அப்பச் சரி. பவுடர் போட்டுட்டு வாரேன், குடு."

ரொசாரி நல்ல சேலை கட்டி, வளையத்தை முன்னால் பிடித்துக்கொண்டு, கன்சீலியா வீட்டை நோக்கி நடந்தாள். ஐந்து நிமிஷத்து நடை அது. ஆனால் டீக்கடையில் நின்றவர்கள் அந்தத் தண்ணீர் வழியாகச் சூரியனைப் பார்க்க வேண்டும் என்றார்கள், பார்த்தார்கள், சூரியன் எண்ணெயில் போட்ட முட்டைபோல் இருந்தது. சவரக்கடை மாசிலாமணி ஓடி வந்து, "ஏ ரொசாரி மைனி, ஒரே ஒரு சவரத்துக்கு இதைச் செவுத்துல பிடியேன், என் கண்ணாடி உடைஞ்சுபோச்சு" என்றார், பிடித்தாள், சவரம் முடிந்தவன் தன் முகத்தை அதில் பார்த்துவிட்டு இவ்வளவு நாள் தன்னிடம் யாரும் சொல்லவில்லையே என்றான். அப்புறம் பள்ளிக்கூடப் பிள்ளைகள், அப்புறம் ஐஸ் வண்டிக்காரர். எல்லோரும் பார்த்து முடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது, ரொசாரிக்குக் கை கடுத்தது, வலைக்கொட்டகை பக்கத்தில் இருந்தது, கன்சீலியா அதற்குள் வீட்டுக்குப் போயிருந்தாள், "ஒரு நிமிஷம் இங்க மாட்டுதேன்" என்று நடுத்தூண் ஆணியில் மாட்டினாள்.

அந்த ஒரு நிமிஷம்தான் நாற்பது நாளை நெருங்கியது.

யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அடுத்த நாள் காலை ரொசாரி எடுக்கப் போனபோது, வேர்க்குரு வந்து கத்திக்கொண்டிருந்த ஒரு கைக்குழந்தை, வளையத்தின் வழியாகத் தரையில் விழுந்து ஆடிய வெளிச்சத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. தூங்குகிற பிள்ளைக்கு மேலிருந்து எப்படி எடுப்பது? அதற்கு அடுத்த நாள் மீனவர்கள் கண்டுபிடித்தார்கள்: கடல் ஏறும்போது வளையத்துத் தண்ணீர் வயிறு உப்புகிறது, கடல் வற்றும்போது ஒட்டிப்போகிறது. கரைக்குப் போய்ப் பார்க்காமல் டீ குடித்துக்கொண்டே, "இன்னும் கால் மணி நேரம் இருக்குவே, இன்னொரு வடை சாப்பிடலாம்" என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. பங்குச் சாமியார் வந்தார். இதை மந்திரிக்கலாமா கூடாதா என்று மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார், பதில் வரும்வரை இருக்கட்டும் என்று கைப்பிடியை மட்டும் மந்திரித்தார். காலேஜிலிருந்து ஒரு புரொபசர் வந்து தெர்மாமீட்டர் வைத்து, அளந்து, எழுதிக்கொண்டு, மீன்குழம்பு சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டு, போனார்.

ஆனால் ஊர் அதை விடாமல் பிடித்துக்கொண்டது சவரக்கடை மாசிலாமணியின் பெண்டாட்டியால்தான். அவள் ஒரு செவ்வாய்க்கிழமை புருஷனைத் தேடிக்கொண்டு வந்து, வளையத்துக்கு அந்தப் பக்கம் அவர் நிற்பதைப் பார்த்து, இந்தப் பக்கமிருந்தே, "நீரு வெளங்கவே மாட்டீரு, ஒம்மைக் கட்டுன நாள்ல இருந்து எனக்கு ஒரு நல்லது உண்டுமா?" என்று கத்தினாள். தண்ணீர் வழியாகப் போன சொற்கள் அதே சொற்கள்தான், ஒரு எழுத்து மாறவில்லை. ஆனால் குளித்து, தலை துவட்டி, ஈரமும் குளிர்ச்சியுமாக அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தன. மாசிலாமணியின் கண் நிறைந்துவிட்டது. "சாப்பிட்டியாட்டி?" என்று கேட்டார். இருபது வருஷத்தில் முதல்முறையாகக் கேட்டார்.

அன்றைக்கே வரிசை நின்றது. மாமியார்கள் மருமகள்களைக் கூட்டி வந்தார்கள், மருமகள்கள் பட்டியலோடு வந்தார்கள். ஊர்க்கமிட்டித் தலைவர் ரோச், தலைவர் ஆன நாளிலிருந்து தீர்மானம் போட விஷயம் கிடைக்காமல் தவித்தவர், உடனே கூட்டம் போட்டு முறைப்படுத்தினார்: செவ்வாய்க்கிழமை சண்டைக்கு, மற்ற நாள் காலை பிள்ளைகளுக்கு, சாயங்காலம் சவரத்துக்கு, ஞாயிறு ஓய்வு. இன்னாசியும் அவர் தம்பி பெர்க்மான்ஸும், இரண்டு வீட்டுக்கும் நடுவில் எழுப்பின ஒரு சுவரால் பன்னிரண்டு வருஷம் ஒருவர் நிழலை ஒருவர் மிதிக்காதவர்கள், மூன்று செவ்வாயாக வந்து ஆளுக்கொரு பக்கம் நின்று பேசிப் பழகினார்கள், முதல் செவ்வாய் "சுகமா?" மட்டும், இரண்டாம் செவ்வாய் மழை, மூன்றாம் செவ்வாய் அம்மாவின் கடைசி நாட்கள். இன்னும் சுவருக்கு வரவில்லை.

இதற்கெல்லாம் அடியில், நடுத்தூணுக்கு இரண்டு முழம் தள்ளி, கன்சீலியா காலை நீட்டி உட்கார்ந்து வலை கோர்த்துக்கொண்டிருந்தாள். தனக்கு அனுப்பிய வளையம் தன் தலைக்கு மேல் தொங்குகிறது. எழுந்து எடுக்க முடியாது, கொண்டு வந்து கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். மடவைக் குஞ்சு எந்நேரமும் அவள் பக்கத்து விளிம்பிலேயே வந்து நின்றது. அதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. எடுத்துக் கொடுக்கத்தான் யாருமில்லை.

எடுத்துக் கொடுத்தால் அவள் வலை கட்டுவாள். வலை கட்டினால் தண்ணீர் நிற்காது. இது யாருடைய யூகமும் அல்ல: பதினோராம் நாள் ஒருத்தன் கையிலிருந்த தூண்டில் நூல் தெரியாமல் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றிவிட, தண்ணீர் முழுக்க நடுங்கி, ஒரு சொட்டு, ஒரே சொட்டு, தரையில் விழுந்தது. கொட்டகையில் அத்தனை பேரும் அந்தச் சொட்டு காயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நூல் சுற்றினவன் ஒரு வாரம் கொட்டகைப் பக்கம் வரவில்லை.

நேவிஸிடம் எல்லோரும் அன்பாகப் பேசினார்கள். "வே நேவிஸு, ஊருக்கு எவ்வளவு பெரிய காரியம் செஞ்சிருக்கீரு" என்று மாசிலாமணி இலவசமாக முடி வெட்டினார். "அவளுக்கு வேற ஒண்ணு செஞ்சு குடுத்துரும். ஒண்ணுதாங்கிற வழக்கத்தைக் கமிட்டியில மாத்திக்கிடலாம்," என்றார் ரோச். "அதைப் பார்ப்போம்," என்றான் நேவிஸ். ரொசாரி தலையில் அடித்துக்கொண்டு, "நாளு போவுதுல. நான் போயி எடுத்துக் குடுத்துரட்டா?" என்று கேட்டாள். அதற்கும் அவன் "பார்ப்போம் அக்கா" என்றான். அவனுக்கு இரண்டும் தெரிந்தது. காலையில் போனால் தூங்குகிற பிள்ளையின் முகத்தில் வெளிச்சம் ஆடுவது தெரிந்தது. கட்டையின்மேல் உட்கார்ந்ததும் கன்சீலியாவின் விரல்கள் முன்பைவிட வேகமாக ஓடுவது தெரிந்தது. அவள் இப்போதெல்லாம் அவனைக் கேலி செய்வதில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. இருபதாம் நாளிலிருந்து அவள் அவனிடம் மழையைப் பற்றி மட்டும், மரியாதையாக, பேசினாள்.

முப்பத்தொன்பதாம் நாள் செவ்வாய்க்கிழமையாக வந்தது.

காலை எட்டு மணிக்கே சண்டை வரிசை கொட்டகையைத் தாண்டி மணலில் நின்றது. முதல் ஆளாக நின்றது கன்சீலியா. இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் வாளி, தோளில் சுருட்டிப் போட்ட ஏதோ ஒரு நீல வலை. ரோச் தன் நோட்டைத் திறந்தார்.

"யாரு கூட சண்டை?"

"அந்தா கட்டையில உக்காந்திருக்காருல்லா, அவரு கூட."

நேவிஸ் எழுந்தான். வேட்டியைத் தட்டிக்கொண்டு வளையத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றான். தண்ணீர் வழியாகக் கன்சீலியாவின் முகம் தெரிந்தது, அதைக் குறுக்கே கடந்து மீன் போனது. அவள் பேச ஆரம்பித்தாள். ஒரு ஆம்பளை வளையம் செஞ்சா செஞ்ச கையோட அது போய்ச் சேர்ந்ததான்னு பார்க்கணும் என்றாள், தூணுக்கு அனுப்பினீரா எனக்கு அனுப்பினீரா என்றாள், ஊரெல்லாம் பிள்ளையைத் தூங்கப் போடவும் மூஞ்சி செரைக்கவும் என் தலைக்கு மேல ஆணியடிச்சிருக்காவ, நீரு கட்டையில உக்காந்து பார்ப்போம் பார்ப்போம்ங்கீரு, பாத்து முடிக்கதுக்கு எனக்கு இன்னொரு ஆயுசா இருக்கு என்றாள். சொன்னதில் ஒன்றும் குறையவில்லை, ஆனால் அவ்வளவும் குளிர்ந்து, காலையில் முகத்தில் தெளித்த தண்ணீர்போல் நேவிஸிடம் வந்து விழுந்தது. அவன் முகம் மலர்ந்தது. அவன் சிரித்தான்.

கன்சீலியா நிறுத்தினாள். அவன் சிரிப்பையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் தூணைச் சுற்றி நடந்து, வளையத்தை விட்டு விலகி, அவனுக்கு எதிரில் ஒரு முழ தூரத்தில் வந்து நின்றாள்.

"தண்ணி வழியாச் சொன்னா நீரு சிரிக்கீரு," என்றாள். இது ஈரமில்லாமல் வந்தது, காய்ந்த மணல்போல் சுட்டது. "நேராச் சொல்லுதேன், கேளும். அறுபது கண்ணு வச்சு இந்த வலையை நான் ரெண்டாம் நாளே முடிச்சிட்டேன். முப்பத்தேழு நாளா வீட்டுல மடிச்சு வச்சிருக்கேன். நாளையோட முடியுது. அந்தக் குஞ்சு மீனுக்கு வாளியில ஆத்துத் தண்ணியும் கொண்டாந்திருக்கேன். இதுக்கு மேல ஒரு பொம்பளை என்ன செய்ய முடியும்?"

அவள் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள், காலை நீட்டினாள், நீல வலையை மடியில் விரித்தாள்.

வளையத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்ற வழக்கம் உடைந்துவிட்டதை யாரும் சொல்லவில்லை. வரிசையில் நாலாவதாக நின்ற இன்னாசிதான் முன்னால் வந்தார். அறுபத்தைந்து வயசு மனிதர், கையைக் கூப்பாத குறையாக நின்றார்.

"தம்பி, ஒன்னைக் கெஞ்சிக் கேக்கேன். இன்னைக்குத்தான் சொவரைப் பத்திப் பேசலாம்னு வந்திருக்கேன். பன்னெண்டு வருஷம். இன்னும் ரெண்டு செவ்வா போதும்."

"ரெண்டு செவ்வா முடிஞ்சா இன்னும் ரெண்டு கேப்பாவ," என்றாள் கன்சீலியா, வலையைப் பார்த்துக்கொண்டே.

"நாப்பது நாளுங்கிறதை எம்பதா மாத்த ஒரு தீர்மானம் போட்டா?" என்று ரோச் நோட்டைப் புரட்டினார்.

"எம்பதாம் நாளு எனக்குத் தலை நரைச்சிரும் தலைவரே."

"இப்ப மட்டும் என்ன கறுப்பாவா இருக்கு?" என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, கொட்டகை சிரித்தது, கன்சீலியாவும் உதட்டைக் கடித்துக்கொண்டாள், ஒரு தாய் தன் பிள்ளையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, "எம்பிள்ளை எங்க தூங்கும்?" என்று கேட்டாள், அந்தக் கேள்விக்கு யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் நேவிஸைப் பார்த்தார்கள். அவன் வளையத்துக்கும் அவளுக்கும் நடுவில், இரண்டுக்கும் சரிசமமான தூரத்தில், நின்றுகொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்து, வளையத்துக்கு அந்தப் பக்கம் தன் முறைக்காகக் காத்து நின்ற பெர்க்மான்ஸுக்குப் பொறுமை போய்விட்டது. அவர் தூணைத் தாண்டித் தலையை நீட்டினார்.

"ஏ இன்னாசி, அந்தப் பிள்ளைக கல்யாணத்துக்குக் குறுக்க என்னத்துக்குப் போயி நிக்க? ஒனக்கு எப்பவும் இதே புத்திதான்."

"நீ சும்மா கெட. நீ அந்தச் சொவரை ரெண்டு அடி தள்ளிக் கட்டியிருந்தா நான் ஏன் இங்க வந்து நிக்கேன்?"

"ரெண்டு அடியா? ஒன்னரை அடி!"

"ரெண்டு!"

"அளந்து பாப்பமா? இப்பமே வா, அளந்து பாப்பம்!"

"வால, பாப்பம்!"

இரண்டு பேரும் மணலில் இறங்கி, தோளோடு தோள் இடிக்க, கையை ஆட்டிக்கொண்டு, வாய்க்கு வாய் கத்திக்கொண்டு வீட்டை நோக்கிப் போனார்கள். அவர்கள் பேசினதில் ஒரு சொல்கூடத் தண்ணீர் வழியாக வரவில்லை என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் யார் ஜெயிப்பார்கள் என்று பார்க்கப் பின்னாலேயே ஓடினார்கள். மிச்சப்பேர் நின்றார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தவளும் நின்றாள்.

கடல் ஏறிக்கொண்டிருந்தது. வளையத்துத் தண்ணீர் மெல்ல வயிறு உப்பி, வெயிலை வாங்கி, கன்சீலியாவின் நீட்டிய கால்மேலும் நீல வலைமேலும் ஆடவிட்டது. அவள் ஊசியில் நூல் கோர்த்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

நேவிஸ் வளையத்தை ஆணியிலிருந்து எடுத்து, அவள் மடியில் வைத்தான்.